நான்கு பென்னிப் பூட்டு

இங்கிலாந்தின் வரலாறு பேச்சில் வரும்போதெல்லாம் இரண்டு செய்திகள் தவறாமல் வந்துவிடும். அங்கே பத்திரிகைச் சுதந்திரம் 1695-லேயே வந்துவிட்டது என்பார்கள். 1832-ன் சீர்திருத்தச் சட்டத்தோடு மக்களாட்சியும் வந்துவிட்டது என்பார்கள். பொது அறிவுப் புத்தகங்களில் ஒற்றை வரி விடைகளாக இப்படித்தான் படித்திருக்கிறோம். இரண்டிலும் பாதி உண்மை. விட்டுப்போன மறுபாதிதான் அந்த நாட்டின் பெரும்பான்மை மக்களுடைய கதை. நெசவாளர், தொப்பி தைப்பவர், அச்சுக்கோப்பவர், பண்ணைக் கூலிகள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அதைப் புரிந்துகொள்ள லண்டன் அச்சகக்காரர் ஒருவரையும் லீட்ஸ் நகரத்துப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரையும் தெரிந்துகொண்டால் போதும். இருவரும் ‘சீர்திருத்தம்’ என்ற ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள். பொருள்தான் வேறு.

தடை போடாமலே தடுப்பது

ஊரில் ஒரு நூலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். யார் வேண்டுமானாலும் வரலாம், எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று பலகை தொங்குகிறது. ஆனால் வாசலில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அன்றைய கூலியில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து வைக்கச் சொல்கிறார். பணக்காரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே கட்டணம். பலகையில் எழுதியிருப்பது பொய் இல்லை. யாரையும் யாரும் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் சில வாரங்கள் கழித்து உள்ளே எட்டிப் பார்த்தால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1695-ல் இங்கிலாந்தில் நடந்தது, அச்சடிப்பதற்கு முன்பே அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற சட்டம் காலாவதியானது. அதற்குப் பிறகு எழுதியதை முன்கூட்டியே வெட்டித் திருத்த அதிகாரி யாரும் இல்லை. பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் 17 ஆண்டுகள் கழித்து வாசலில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

சிவப்பு முத்திரை

1712-ல் நாடாளுமன்றம் செய்தித்தாள்கள் மீது முத்திரை வரி விதித்தது. முத்திரை வரி என்றால், ஒரு தாளில் அரசு முத்திரை குத்தப்பட்டிருந்தால்தான் அது சட்டப்படி செல்லும். அந்த முத்திரைக்குக் காசு கட்ட வேண்டும். பத்திரம் பதிவு செய்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். இங்கே அதை ஒவ்வொரு செய்தித்தாளின் ஒவ்வொரு பிரதிக்கும் வைத்தார்கள்.

நடைமுறையைக் கொஞ்சம் பாருங்கள். பத்திரிகை நடத்துபவர் முதலில் வெற்றுத்தாளை வாங்க வேண்டும். அந்தத் தாளுக்கே தனி வரி உண்டு. பிறகு அதை லண்டனில் சாமர்செட் ஹவுஸ் என்ற மாளிகையிலிருந்த முத்திரை அலுவலகத்தில் கொடுத்து, தாளின் மூலையில் சிவப்பு முத்திரை பதித்து வாங்க வேண்டும். அதன்பின்தான் அச்சில் ஏற்றலாம். இதழ் விற்றாலும் விற்காவிட்டாலும் வரிப்பணம் முன்பே போய்விடும். உள்ளே வெளியிடும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் இன்னொரு வரி.

தொடக்கத்தில் முத்திரைக் கட்டணம் அரை பென்னி, ஒரு பென்னி என்ற அளவில்தான் இருந்தது. போர்ச் செலவுகளைக் காட்டிக் காட்டி ஏற்றிக்கொண்டே போனார்கள். 1815-ல் அது பிரதிக்கு நான்கு பென்ஸ் (பென்னியின் பன்மை) ஆனது. செய்தித்தாளின் வழக்கமான விலை ஏழு பென்ஸ். பாதிக்கு மேல் வரி! அந்தக் காலத்தில் 12 பென்ஸ் சேர்ந்தால் ஒரு ஷில்லிங். பண்ணைக் கூலி ஒருவரின் வாரச் சம்பளம் ஏறக்குறைய 10 ஷில்லிங், அதாவது வாரத்தின் ஆறு வேலை நாட்களில் நாளுக்கு 20 பென்ஸ். ஒரே ஒரு செய்தித்தாள் வாங்க, நாள் கூலியில் மூன்றில் ஒரு பங்கு. நூலக வாசலில் உட்கார்ந்திருந்தவர் இவர்தான்.

இந்த வரியை ஆதரித்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது. முத்திரை குத்திய தாளைத் தபாலில் இலவசமாக அனுப்பலாம். ஆகவே இது தபால் கட்டணம் போலத்தான் என்றார்கள். நாட்டுப்புற மாளிகையில் இருந்துகொண்டு லண்டன் பத்திரிகையைத் தபாலில் வரவழைப்பவருக்கு அது சரிதான். அச்சகத்துக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்தச் சலுகையால் என்ன பயன்?

மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. பத்துப் பேர் காசு சேர்த்து ஒரு தாள் வாங்கினார்கள். காபிக்கடையிலும் மதுக்கடையிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி நின்று கேட்டார்கள். டீக்கடையில் ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து பத்துக் கைகளுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி அந்நியமாக இருக்காது.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்கள். செய்தி இருந்தால்தானே வரி? செய்தியை விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் அச்சடித்தால்? 1816-ல் வில்லியம் காபெட் என்ற பத்திரிகையாளர் தம் இதழை அப்படி மலிவுப் பதிப்பாக்கி இரண்டு பென்ஸுக்கு விற்றார். அது காட்டுத்தீயாகப் பரவியது.

அரசு அந்த ஓட்டையை அடைத்த விதத்தில்தான் உண்மையான நோக்கம் வெளிப்படுகிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய பெருங்கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. பதினைந்து பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். பீட்டர்லூ படுகொலை என்று வரலாற்றில் நிற்கும் நிகழ்வு அது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு ஆறு அடக்குமுறைச் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றில் ஒன்று பத்திரிகைகளைப் பற்றியது. கருத்து மட்டும் எழுதும் இதழாக இருந்தாலும், 26 நாள் இடைவெளிக்குள் அடுத்த இதழ் வந்து, விலை ஆறு பென்ஸுக்குக் குறைவாக இருந்தால், முத்திரை கட்டாயம். கடைசி நிபந்தனையை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். விலை உயர்ந்த கருத்துக்கு வரி இல்லை. மலிவான கருத்துக்குத்தான் வரி. கஜானாவை நிரப்ப நினைப்பவர் இப்படியா சட்டம் எழுதுவார்?

இதுவரை பார்த்தது: முன் அனுமதி முறை போய்விட்டதால் பத்திரிகைகள் சுதந்திரமாக இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் முத்திரை வரி விலையை உயர்த்தி, ஏழைகள் படிக்கக்கூடிய இதழ் சட்டப்படி வெளிவரவே முடியாமல் செய்தது. எதிர்த்தவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘அறிவின் மீதான வரி’.

முத்திரை இருக்க வேண்டிய மூலையில்

ஹென்றி ஹெதரிங்டன் 1792-ல் லண்டனின் சோஹோ பகுதியில் பிறந்தவர். இளவயதில் லூக் ஹான்சார்ட் என்பவரின் அச்சகத்தில் தொழில் பழகினார். நாடாளுமன்றத்தின் ஆவணங்களை அச்சிட்டுக் கொடுத்த அச்சகம் அது. அரசின் காகிதங்கள் உருவாகும் இடத்தில் எழுத்துக் கோக்கக் கற்றவர்தான் பின்னாளில் அரசை எதிர்த்து எழுத்துக் கோத்தார்.

1831 ஜூலை 9 அன்று அவர் ஒரு வார இதழைத் தொடங்கினார். பெயர் ‘புவர் மேன்ஸ் கார்டியன்’, ஏழையின் காவலன். விலை ஒரு பென்னி. முத்திரை கிடையாது. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்: இன்று நாம் அறிந்த ‘கார்டியன்’ நாளிதழ் இது அல்ல. அது 1821-ல் ‘மான்செஸ்டர் கார்டியன்’ என்று தொடங்கியது. முத்திரையோடு ஏழு பென்ஸுக்கு விற்றது. மிதமான சீர்திருத்தம் பேசியது. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

முதல் பக்கத்தின் உச்சியைப் பார்த்தாலே அந்த இதழ் என்ன என்பது விளங்கிவிடும். சிவப்பு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் படம்: ஓர் அச்சுப்பொறி, கூடவே ‘அறிவே ஆற்றல்’ என்ற வாசகம். தலைப்புக்குக் கீழே, நியாயத்துக்கு எதிராக வலிமை எவ்வளவு தூரம் போகும் என்று சோதிப்பதற்காக, சட்டத்துக்கு மாறாக வெளியிடப்படுவது என்ற அறிவிப்பு. சட்டம் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். ஒளித்து மறைத்து விற்பது வேறு. ‘மீறுகிறேன், வா’ என்று முகப்பிலேயே அச்சடிப்பது வேறு. ஹெதரிங்டன் செய்தது இரண்டாவது. எனக்கு அந்த மனிதர் மீது மதிப்பு உண்டானதே அந்த முகப்பைப் பார்த்த பிறகுதான்.

அவர் முதன்மையாக அச்சகக்காரர், பதிப்பாளர், உரிமையாளர். 1832-ன் பிற்பகுதியிலிருந்து ஆசிரியர் பொறுப்பை ஐரிஷ்காரரான பிரான்டெர் ஓபிரையன் ஏற்றார். ஆனால் சிறைக்குப் போனவர் ஹெதரிங்டன். இந்தப் போராட்டத்தில் ஒரு முறைக்கு மேல் போனார். போலீஸ் கண்ணில் படாமலிருக்க, குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சமயப் பிரிவினர் போல உடை உடுத்தி நடமாடினார் என்பார்கள். இதழை வெளியூருக்கு அனுப்புவதற்கும் தந்திரம் தேவைப்பட்டது. வெறும் காகிதம் அடைத்த பொட்டலங்களைச் சிலர் வாசல் வழியே ஆரவாரமாகத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். காவலர்கள் அவர்களைத் துரத்தும்போது உண்மைப் பொட்டலங்கள் வேறு வழியில் போய்ச்சேரும். வேறொருவர் இன்னும் ஒரு படி மேலே போய், தாளுக்குத்தானே வரி என்று பருத்தித் துணியில் அச்சடித்து ‘அரசியல் கைக்குட்டை’ என்று விற்றார்!

இப்படி வெளிவந்தவற்றுக்கு முத்திரையிடாத இதழ்கள் என்று பெயர். ‘புவர் மேன்ஸ் கார்டியன்’ நல்ல நாளில் பத்தாயிரத்துக்கும் மேல் விற்றது. ஒரு பிரதியைப் பலர் படித்த காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தெருவில் விற்றவர்கள்

சிறைக்குப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆசிரியர்கள் அல்ல. தெருவில் கூவி விற்றவர்கள். முத்திரையில்லாத தாளை விற்பவரை மூன்று மாதம் வரை சிறையில் அடைக்கலாம் என்று சட்டம் இருந்தது. 1830-களின் முதல் பாதியில் இப்படி எழுநூறுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள்.

அவர்களில் ஜோசப் ஸ்வான் என்பவரை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம். மக்கிள்ஸ்ஃபீல்ட் ஊரைச் சேர்ந்த தொப்பித் தொழிலாளி. இதே மாதிரிக் குற்றத்துக்காக ஏற்கெனவே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தவர். 1831-ல் மீண்டும் நீதிபதிகள் முன் நிறுத்தப்பட்டார். என்ன சொல்கிறாய் என்று கேட்டார்கள். வேலை கிடைக்கவில்லை, குடும்பம் பட்டினி கிடக்கிறது என்றார். அதோடு நிறுத்தியிருந்தால் ஒருவேளை இரக்கம் கிடைத்திருக்கும். அவர் நிறுத்தவில்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது என்று தொடர்ந்தார்: நாடாளுமன்றத்தில் தங்களைப் பற்றி எப்படித் தவறாகப் பேசுகிறார்கள் என்பதை என் நாட்டு மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காகத்தான் விற்கிறேன். வாயை மூடு என்றார்கள். மாட்டேன் என்றார். மூன்று மாதம், கடுங்காவல், நட்ஸ்ஃபோர்ட் சிறை என்று தீர்ப்பு வந்தது. உங்களுக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை, வெளியே வந்ததும் மறுபடி விற்பேன் என்றார். பிறகு நீதிபதிகளில் ஒருவரை நேராகப் பார்த்து, முதல் இதழை உங்கள் வீட்டுக்குத்தான் கொண்டுவருவேன் என்றார்.

அவர் கையிலிருந்து பிடுங்கிய இதழின் விலை ஒரு பென்னி.

1832: யாருக்குக் கிடைத்தது வாக்கு?

இனி அரசியல் பக்கம். 1832-க்கு முன் நாடாளுமன்றத் தொகுதிகள் எப்படி இருந்தன என்று கேட்டால் நம்புவது கடினம். சாலிஸ்பரிக்கு அருகில் ஓல்ட் சாரம் என்ற மேடு. குடியிருப்பே இல்லாத இடம். அதற்கு இரண்டு உறுப்பினர்கள். கடல் அரித்துப் பெரும்பகுதி நீரில் மூழ்கிப்போன டன்விச் ஊருக்கும் இரண்டு உறுப்பினர்கள். ஆலைகளும் மக்களும் நிறைந்து வழிந்த மான்செஸ்டர், பர்மிங்ஹாம், லீட்ஸ் ஆகியவற்றுக்குத் தனியாக ஒருவர்கூட இல்லை. ஆளே இல்லாமல் பெரும்புள்ளிகளின் சட்டைப்பையில் இருந்த இந்த இடங்களை அழுகிய தொகுதிகள் என்றார்கள்.

1832-ன் சட்டம் 56 சிறு தொகுதிகளை ஒழித்தது. பெரிய நகரங்களுக்கு உறுப்பினர்களைத் தந்தது. நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் அவை 1831 அக்டோபரில் இதற்கான மசோதாவைத் தோற்கடித்தபோது பிரிஸ்டலிலும் நாட்டிங்ஹாமிலும் கலவரம் வெடித்தது. தொழிலாளர்களும் நடுத்தர வர்க்கத்தாரும் தெருவில் சேர்ந்து நின்ற அழுத்தத்தால்தான் அடுத்த ஆண்டு சட்டம் நிறைவேறியது. இந்த அளவில் அது வெற்றி.

ஆனால் வாக்கு யாருக்கு? நகரத் தொகுதிகளில், ஆண்டு வாடகை மதிப்பு 10 பவுண்டாவது உள்ள வீட்டில் குடியிருக்கும் ஆண்களுக்கு. இதைத்தான் சொத்துத் தகுதி என்பார்கள்: ஒருவர் மனிதர் என்பது போதாது, இவ்வளவு மதிப்புள்ள வீட்டில் இருக்க வேண்டும்.

இங்கே லீட்ஸ் ஆசிரியர் வருகிறார். எட்வர்ட் பெய்ன்ஸ், 1801 முதல் ‘லீட்ஸ் மெர்குரி’ பத்திரிகையை நடத்தியவர். மோசமானவர் அல்லர். 1817-ல் தொழிலாளர்களிடையே புகுந்து கலகத்தைத் தூண்டிய அரசு உளவாளி ஒருவனை அம்பலப்படுத்தியது அவருடைய பத்திரிகைதான். 1831 நவம்பரில், மசோதாவை நாடாளுமன்றத்தில் முன்வைத்த ஜான் ரஸ்ஸல் பிரபுவுக்கு ஒரு தகவல் தேவைப்பட்டது: இந்த 10 பவுண்டு கோடு லீட்ஸில் எந்த மாதிரி ஆட்களை உள்ளே விடும்? பெய்ன்ஸ் ஆட்களை அனுப்பி வீடு வீடாகக் கணக்கெடுத்துப் பதில் எழுதினார். தொழிலாளர் குடியிருப்புகளில் ஐம்பது குடும்பத்தலைவர்களில் ஒருவருக்குக்கூட வாக்கு கிடைக்காது என்றார்கள் கணக்கெடுத்தவர்கள். மார்ஷல் ஆலையில் வேலை செய்த 140 குடும்பத்தலைவர்களில் வாக்கு பெறக்கூடியவர்கள் இரண்டே பேர். இந்தத் தகுதியால் ஆபத்தானவர் ஒருவரும் உள்ளே வந்துவிட மாட்டார் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

சீர்திருத்தத்துக்காக உண்மையாக உழைத்த ஓர் ஆசிரியர், அந்தச் சீர்திருத்தம் தொழிலாளியை வெளியே நிறுத்தும் என்று எண்ணிக்கையோடு உறுதி கொடுக்கிறார். எனக்கு இந்தக் காலத்தின் மொத்த உண்மையும் அந்த ஒரு கணக்கெடுப்பில் அடங்கியிருப்பதாகத் தோன்றுகிறது.

இதனால்தான் ‘புவர் மேன்ஸ் கார்டியன்’ அந்த மசோதாவை எதிர்த்தது. ஏழைகளின் இதழ் சீர்திருத்தத்தை எதிர்த்ததா என்று இதைப் படிக்கும் பலர் திகைப்பார்கள். அதன் வாதம் தெளிவானது: இது பிரபுக்களின் ஆட்சியை அகற்றாது, நடுத்தர வர்க்கத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு அதை இன்னும் வலுவாக்கும். நேற்றுவரை நம்மோடு நின்றவர்கள் நாளை கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள்.

நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். சட்டத்துக்குப் பின் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வாக்கு இருந்தது. வாக்காளர் ‘ஆணாக’ இருக்க வேண்டும் என்று நாடாளுமன்றத் தேர்தல் சட்டத்தில் வெளிப்படையாக எழுதப்பட்டதும் இதில்தான். பிரெஸ்டன் போன்ற சில ஊர்களில் சாதாரணத் தொழிலாளிகளுக்கு ஏற்கெனவே இருந்த வாக்குரிமையும், அதை அப்போது வைத்திருந்தவர்களின் ஆயுளோடு முடியும்படி ஆனது.

சுருக்கமாக: செய்தித்தாளுக்கு நான்கு பென்ஸ், வாக்குக்கு 10 பவுண்டு வீடு. இரண்டு கதவு, ஒரே வகைப் பூட்டு. யாரையும் பெயர் சொல்லி விலக்காமல், காசை அளவுகோலாக வைத்து விலக்கும் பூட்டு. ஹெதரிங்டன் இரண்டையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்க்கவில்லை. படிக்க முடியாதவர் கேட்க மாட்டார், கேட்காதவருக்கு வாக்கு வராது, வாக்கு இல்லாதவர் வரியை நீக்க முடியாது.

வரியைக் குறைத்து நெரித்த கதை

1834 ஜூனில் ஹெதரிங்டன் மீதான வழக்கு அரசு வருவாய் வழக்குகளை விசாரித்த எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில், நீதிபதி லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு முன் வந்தது. ஜூரி ஒரு வியப்பான முடிவைச் சொன்னது: ‘புவர் மேன்ஸ் கார்டியன்’ சட்டம் சொல்லும் பொருளில் செய்தித்தாளே அல்ல; ஆகவே அதற்கு முத்திரை தேவையில்லை. மூன்றரை ஆண்டு அடக்குமுறைக்குப் பிறகு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இதை விற்றதற்காக அநியாயமாகச் சிறையிருந்த பிறகு, இது முற்றிலும் சட்டபூர்வமான வெளியீடு என்று தீர்ப்பாகியிருக்கிறது என்று ஹெதரிங்டன் இதழின் முகப்பிலேயே அச்சிட்டார். அப்படியானால் அந்த ஐந்நூறு பேர் எதற்காகச் சிறைக்குப் போனார்கள்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மற்ற இதழ்கள் மீதான வேட்டையும் நிற்கவில்லை. 1835-ல் அவருடைய அச்சுப்பொறிகளையே பறிமுதல் செய்தார்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் கட்டம் அடுத்தது. 1836-ல் அரசு முத்திரை வரியை நான்கு பென்ஸிலிருந்து ஒரு பென்னியாகக் குறைத்தது. போராட்டம் வென்றுவிட்டது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏழு பென்ஸுக்கு விற்ற ‘டைம்ஸ்’ ஐந்து பென்ஸ் ஆனது. வசதியுள்ளவர்களுக்கு விலை இறங்கியது. அதே சட்டம் முத்திரையில்லாத இதழ்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம் கொடுத்தது. இனி முத்திரை குத்தாமல் தப்ப முடியாது என்று ஆனதும், ஒரு பென்னிக்கும் இரண்டு பென்ஸுக்கும் விற்ற ஏழைகளின் இதழ்கள் மூன்று பென்ஸைத் தாண்டின. வரி குறைந்தது, ஏழை கொடுக்க வேண்டிய விலை ஏறியது. முத்திரையிடாத இதழ்களின் காலம் அதோடு முடிந்தது.

அதே 1836-ல் ஹெதரிங்டன், வில்லியம் லவெட் முதலிய நண்பர்களோடு சேர்ந்து லண்டன் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். 1838-ல் மக்கள் சாசனம் என்ற கோரிக்கைப் பட்டியல் அங்கிருந்துதான் வந்தது. வயதுவந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது என்பவை அதன் ஆறு கோரிக்கைகளில் மூன்று. ரகசிய வாக்கெடுப்பு 1872-ல் வந்தது. ஆண்கள் அனைவருக்கும் வாக்கு 1918-ல்.

ஹெதரிங்டன் 1849-ல் காலராவில் இறந்தார். விளம்பர வரி 1853-ல் நீங்கியது, கட்டாய முத்திரை 1855-ல், தாள் வரி 1861-ல். முத்திரை நீங்கிய அதே 1855-ல், லண்டனில் புதிதாகத் தொடங்கிய ‘டெய்லி டெலிகிராஃப்’ நாளிதழ் செப்டம்பரிலிருந்து தெருவில் வெளிப்படையாக ஒரு பென்னிக்கு விற்றது. ஜோசப் ஸ்வானை நட்ஸ்ஃபோர்ட் சிறைக்கு அனுப்பிய இதழின் விலையும் அதேதான்.